சுரம் விட்ட இரவு

மோல்மேன் பெரிய ஆஸ்பத்திரி. குழந்தைகள் வார்டு.
ஆடி மழை தகரத்தில் இடைவிடாமல் விழ
யார் அழுகிறார்கள் என்று பிரித்தறிய முடியாத இரவு.
இருபத்திரண்டு கட்டில், முப்பத்தைந்து பிள்ளைகள்.
கட்டிலுக்கடியில் சோற்றுத் தூக்கோடு குடும்பங்கள்.

வேலைக்குச் சேர்ந்து எனக்குப் பத்தொன்பது நாள்.
தொப்பி இன்னும் தலையில் நிற்பதில்லை.

ஒன்பதாம் கட்டில்.
அட்டையில் மௌங் தௌ ஸின்,
அம்மா கூப்பிடுவது தணிகைவேல்.
வயது மூன்று. எடை பதினொன்றரைக் கிலோ.
அந்த அரையை விட்டால் கணக்கே மாறும் என்று
மூன்று முறை தராசில் நிறுத்தினேன்.
மூன்றாம் முறை என் கன்னத்தில் அறைந்தான்.

இன்று ஐந்தாம் நாள்.
நேற்றுவரை வாணலியாய்க் காய்ந்த உடம்பு.
பவழக்கொடி என் கையை இழுத்து
அவன் நெற்றியில் வைக்கிறாள்.
"விட்டுருச்சு சயாமா, வேர்த்து எறங்கிருச்சு."
ஐந்து நாளில் முதல் தடவையாக அவள் பல் தெரிகிறது.
விடிந்ததும் முதல் பஸ்ஸில் முடோனுக்குப் போகலாமா,
கைக்குழந்தை அக்காவிடம் இருக்கிறது,
பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் பாக்கி.

நானும் சிரித்துவிட்டேன்.
முப்பத்தொன்பதரையிலிருந்து முப்பத்தேழுக்குக்
கோடு சறுக்கி இறங்கினால்
யாருக்குத்தான் சிரிப்பு வராது.
சரி என்று குறித்துவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போனேன்.

போனது பத்தாம் கட்டில் வரைதான்.

அவன் ஏன் அழவில்லை?
என்னை அறைந்த பையன்.
ஊசி என்ற சொல்லுக்கே வார்டைக் கூட்டுகிறவன்
சும்மா கிடக்கிறான்.

திரும்பி வந்தேன்.
கன்னத்தில் வட்டமாய் இரண்டு தனக்காப் பூச்சு,
விசேஷத்துக்குக் கிளம்பிய பிள்ளை மாதிரி.
துடைக்கலாமா என்றேன்.
ஏன் என்று கேட்காமல் துண்டை நனைத்துத் தந்தாள்.
தனக்காவுக்குக் கீழே
பிள்ளையின் நிறம் இல்லை.

பாதம் தொட்டேன்.
மழையில் கிடந்த கூழாங்கல்.
கட்டைவிரல் நகத்தை அழுத்திவிட்டு விட்டேன்.
வெளுத்தது.
ஒன்று.
இரண்டு. இப்போது சிவக்க வேண்டும்.
மூன்று.
நான்கு என்னும்போதுதான் வந்தது
கடனைத் திருப்பித் தர வருகிறவன் போல.

சின்னப் பட்டையைத் தேடிக் கையில் சுற்றினேன்.
மேல் எண்ணும் கீழ் எண்ணும்
குளிரில் நெருங்கி உட்கார்ந்திருந்தன.

டெங்குவில் சுரம் இறங்கும் நாளில்தான்
இரத்தத்தின் தண்ணீர் தன் குழாயை விட்டு
ஓசையில்லாமல் வயிற்றுக்குள் கசிகிறது.
புத்தகத்தில் இதற்கு ஒன்றரைப் பக்கம்.
நான் அதை மனப்பாடம் செய்து எண்பது மார்க் வாங்கியவள்.

டாக்டரை எழுப்ப ஓடினேன்.
ஒரு செருப்பு வராந்தாவில் நின்றுவிட்டது.
பர்மியச் சொற்கள் வாயில் இடித்துக்கொண்டு வந்தன:
ஒன்பதாம் கட்டில், கால் சில்லிட்டுவிட்டது.

பிறகு துளிகள்.
நிமிடத்துக்கு நூற்றுப் பதினைந்து.
அதில் ஐந்து, அந்த அரைக் கிலோவுடையது.

"சுரந்தான் விட்டுருச்சே சயாமா?"
நாலாவது தடவை கேட்டபோது
அதனால்தான் என்றேன்.
வேறு சொல் கிடைக்கவில்லை.

அவள் தானாகவே பேசிக்கொண்டிருந்தாள்.
மழைக்குப் பால்வெட்டு இல்லையாம்.
தோட்டத்தில் மரத்துக்கு ஒரு கோப்பை
நிமிர்த்தியபடியே கட்டிக் கிடக்கிறதாம்.
எத்தனை மரம் என்றேன்.
விரல் மடக்கத் தொடங்கி
நிறுத்திவிட்டாள்.

மூன்றரை மணிக்குப் பாயை நனைத்தான்.
அவள் பதறி எழுந்து
மன்னிச்சிருங்க, மன்னிச்சிருங்க என்று
தரையையும் சேர்த்துத் துடைக்கப் போனாள்.
கையைத் தடுத்து
ஈரத்துணியை அப்படியே தூக்கிப்போய்த்
தராசில் வைத்தேன்.
என்னைப் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பாள்.
காய்ந்த துணியின் எடை போக
நூற்றிருபது கிராம்.
எழுதும்போது பேனா கொஞ்சம் கிழித்துவிட்டது அட்டையை.