காத்தாடிக் கணக்கு

பணகுடிக்கு மேற்கே
காத்தாடிகளுக்கு நம்பர் எழுதியிருக்கிறார்கள்.
பதினேழில் தொடங்கி
நாற்பத்திரண்டைத் தொட்டுத் திரும்பினால்
ஐந்து கிலோமீட்டர்.
அளந்தது உச்சிமாகாளி,
சிக்னல் படையில் நாயக்,
எனக்குப் புருஷனாகி அன்றைக்கு நாலாம் நாள்.

நான் பிரம்மசக்தி.
மிலிட்டரி போலீஸில் லான்ஸ் நாயக்.
பட்டாளத்தில் அவர் எனக்கு ஒரு படி மேல்.
வீட்டிலும் அதைச் சொல்லிப் பார்த்தார்,
ஒரே ஒரு தடவை.

விடிய நாலே முக்காலுக்கு
புதுப்பெண் வாசலில் குனிந்து
ஷூ லேஸ் கட்டினால்
தெரு முழுக்க லைட் எரியும்.
"யாரு துரத்துதா உங்கள?"
பால் கறக்கப் போகிற வேலாண்டி கேட்பார்.
"ஒருத்தரும் இல்ல அண்ணாச்சி."
"பொறவு எதுக்கு ஓடுதிய?"

தாலி குதித்தது.
பனியனுக்குள் விட்டு
இரண்டு ஊக்கு குத்தி அடக்கினேன்.
வேர்வையில் மஞ்சள் கயிறு கரைந்து
வெள்ளை பி.டி. டீ ஷர்ட்டில்
கழுத்திலிருந்து ஒரு கோடு இறங்கிவிட்டது.
எந்த சோப்புக்கும் அது போகவில்லை.
பரேடில் உஸ்தாத் கேட்டால் என்ன சொல்ல என்று
ராத்திரி படுத்துக்கொண்டு
இரண்டு பேரும் பதில் தயாரித்தோம்.
ஒன்றுகூட
உஸ்தாதிடம் சொல்லும்படி இல்லை.

ஆனிக் காற்று, போகும்போது
மலையிலிருந்து இறங்கி
நெஞ்சில் கை வைத்துத் தள்ளும்.
வாயைத் திறந்தால் சொல்லைப் பிடுங்கி
வள்ளியூர்ப் பக்கம் எறியும்.
ஆகவே பேச்சில்லை.
ஏக் தோ ஏக் என்று
அவர் உதடு மட்டும் அசையும்.

திரும்பும்போதுதான் குடும்பம் நடத்தினோம்.
ஒரே ஊரில் போஸ்டிங் கேட்ட மனு
எந்த மேஜையில் தூங்குகிறது,
குவார்ட்டர்ஸ் கிடைத்தால் முதலில் கிரைண்டரா கட்டிலா,
உங்கள் அம்மா மீன்குழம்பில் ஏன் இத்தனை புளி,
பிள்ளை இப்போதா, இரண்டு வருஷம் போகட்டுமா.
எல்லாம் அரை மூச்சில்.
அரை மூச்சில் கோபப்பட முடியாது,
விலாவில் பிடித்துக்கொள்ளும்.

வரும் வழியில் அரை லிட்டர் பால்.
"நடந்து கொண்டாங்க" என்றாள் அத்தை,
"நேத்து கொண்டாந்தது மோராயிட்டு."

ஆடி பிறக்குமுன் புதுப்பெண்ணைத்
தாய்வீட்டுக்கு அனுப்ப
அவள் நாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.
பட்டாளம் முந்திக்கொண்டது.
எந்த மாசத்தையும் ஆடியாக்க
அதற்கு ஒரு கையெழுத்து போதும்.
ஆனி இருபத்தாறு, வள்ளியூர் ஸ்டேஷன்.
கறுப்பு டிரங்குப் பெட்டி, முறுக்கு டப்பா,
ஷூ மட்டும் பைக்கு வெளியே
லேஸில் தொங்கிக்கொண்டு போனது.
எனக்கு இன்னும் ஆறு நாள் லீவு.

மறுநாள் தனியாக.
அழுவேன் என்று நினைத்துத்தான் கிளம்பினேன்.
பதினேழாம் காத்தாடியில் வாட்சைப் பார்த்தால்
இருபத்து மூன்று நிமிஷம் ஐம்பது.
சேர்ந்து ஓடிய இருபது நாளில் ஒருநாளும்
இருபத்தேழுக்குக் கீழே வந்ததில்லை.
காற்று அதே காற்று.

மூன்றாம் நாள் ராத்திரி
ஹவுரா பிளாட்பாரத்திலிருந்து போன்.
"எனக்காகவா மெதுவா ஓடினிய?"
ரயில் அறிவிப்பு மூன்று பாஷையில் முடியும்வரை
அங்கே சத்தமில்லை.
"நீதானட்டி மூச்சு வாங்குத மாதிரி இருந்த.
உனக்காகல்லா கொறச்சேன்."
"நான் ஒங்களுக்காகல்லா கொறச்சேன்."
அவர் சிரிக்க ஆரம்பித்தார்.
பாதிச் சிரிப்பில் லைன் போய்விட்டது.

யாருடைய வேகமும் இல்லாத ஒரு வேகம்
இருபது நாள் எங்களுக்கு நடுவில்
பால் பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறது.

காலையில் வேலாண்டி நிறுத்தினார்.
"என்ன தாயி, ஒத்தையிலயா?
இப்பமாவது சொல்லு, யாரு துரத்துதா?"
அன்றைக்கு நான்தான் துரத்தினேன்.
இருபத்தேழு நிமிஷத்தில் ஓடிப் பார்த்தேன்,
பைய, பைய,
இடப்பக்கம் கொஞ்சம் ரோட்டை விட்டு.
இருபத்தைந்து பத்து.
வரவில்லை.