வலது கால்

வில்லிவாக்கம் மண்டபத்தில்
டை கட்டிய தணிகைவேல்
பலகையில் ஒரு வட்டம் போட்டு
"இது நீங்க" என்றார்.
கீழே இரண்டு, அதற்கும் கீழே நான்கு.
சாக்பீஸ் தீர்ந்தது,
சென்னை தீரவில்லை.

என் இடது காலில் நாத்தனார்.
வலது கால் இன்னும் காலி.
கட்டிலடியில் பதினோரு டப்பா புரோட்டீன் மாவு.
தேங்காய் எண்ணெய் விலையில் பாதி இருக்கும்
பற்பசையில்தான் பல் துலக்குகிறோம்.
சித்தி மகள்
என் போனை எடுப்பதில்லை.

தண்ணீர் கேனோடு மூன்று மாடி ஏறி
வாசலில் மூச்சு வாங்கிய எபினேசரை
"வலது காலை வச்சு வாப்பா" என்றேன்.
கேஸ் பில்லின் பின்பக்கம்
வட்டம் வட்டமாய் வரைந்து காட்டினேன்.
கடைசிவரை பார்த்துவிட்டு
"காலி கேன் எங்கக்கா?" என்றான்.

இறங்கிப் போகிறான்.
அவனுக்குக் கீழே
படிகள் மட்டும்.