ஆறாம் துண்டு

பொள்ளாச்சியிலிருந்து நாற்பது கொண்டை ஊசி ஏறி வந்தால்
வால்பாறையில் கடல் இருக்கிறது.
இடுப்பளவு ஆழம், கவாத்து வெட்டிய பச்சை,
அலை கிடையாது.
அதற்குள் அங்கங்கே தீவு:
விறகுக்கென்றோ சாமிக்கென்றோ
வெட்டாமல் விட்ட சோலைத் துண்டுகள்.
எங்களுக்கு வந்தது ஆறாவது. நாலே ஏக்கர்.

தமயந்தி மேடம் டம்ளர்களைப் புதைத்தார்,
விளிம்பு மண்ணோடு மண்ணாக,
அடியில் சோப்புத் தண்ணீர்.
தேயிலை ஓரத்தில் தொடங்கிப் பத்தடிக்கு ஒன்று,
நடுவிலிருக்கும் வெடிப்பலா வரை இருபது.
எறும்பு இருக்கிறதா என்று தெரிய
எறும்பு சாக வேண்டும்.
"ஏனுங் மேடம், தலை எண்ண ஆளைக் கொல்லுவாங்களா?"
என்றார் ஜீப் ஓட்டும் கிட்டுசாமி.
மேடம் சிரிக்கவில்லை.

முதல் ஏழு டம்ளரிலும் ஒரே சாதி.
வைக்கோல் நிறம், உடம்புக்கு மீறிய கால்,
தறிகெட்டு ஓடும் கிறுக்கெறும்பு.
லாரியில் வந்ததோ, நாற்றுப் பையில் வந்ததோ,
வெயில் விழுந்த இடமெல்லாம் அதன் பட்டா.
போன வருசம் கரன்ட் கம்பிக்காகக்
கிழக்கே பதினெட்டு மரம் சாய்ந்தது.
அந்த ஓட்டை வழியாக
வெயில் வந்தது, பின்னாலேயே இது.

பன்னிரண்டில் ஒரு கட்டெறும்பின் தலை மட்டும்.
பதினைந்தில் மழைத்தண்ணீர்.

மேடம் தேடியது தாவுகிற எறும்பை.
சாரை போட்டு ஊராதாம்.
தனியே வேட்டைக்குப் போய்,
பெரிய கண்ணால் குறி பார்த்து,
எகிறிக் கவ்வுமாம்.
படத்தை என் செல்லில் ஏற்றித் தந்திருந்தார்.

பத்தொன்பதாம் டம்ளர். காலை ஏழே கால்.
கெண்டைக்காலில் அட்டை.
நுரைக்குள் ஒன்று இன்னும் நீந்திக்கொண்டிருந்தது.
குனிந்தேன். தலையைத் திருப்பியது.
இத்தனை வருசம் கொழுந்து கிள்ளியதில்
எத்தனையோ எறும்பு என்னைக் கடித்திருக்கிறது,
எதுவும் பார்த்ததில்லை.
ஒரு சருகை நீட்டினேன்.
ஏறியது, மீசையைத் துடைத்தது,
எகிறிவிட்டது.

நோட்டில் எழுதினேன்.
பத்தொன்பது: 0.

மழை விட்டபின் அறிக்கை வந்தது.
எஸ்டேட் ஆபீசில் கூலிச்சீட்டுக்கு நின்றிருந்தேன்.
யாரோ ஒரு கட்டத்தில் விரல் வைத்து,
"ஆறுல ஒண்ணுமே இல்லீங்க,
ரோட்ட அப்படியே விட்டுரலாம்" என்றார்.
சொல்ல வாய் எடுத்தேன்.
எதைச் சொல்ல? சம்பளத்துக்குப் பொய் எழுதினேன் என்றா?

நான் சுழி போட்டால் முனை சேராது,
மேலே ஒரு எறும்பு போகிற இடைவெளி நிற்கும்.
நோட்டில் அப்படித்தான் இருந்தது.
அச்சில் மூடிவிட்டார்கள்.