முப்பத்தைந்துக்கும் நாற்பதுக்கும் நடுவே

எனக்கு வாத்தியக் குழுவைப் பிடிக்காது.
மழை விட்ட மறுநாள் என் புல்லின் மேல்
இருநூற்றுப் பன்னிரண்டு ஜோடிக் காலணிகள்.
அதற்கப்புறம் இசை எங்கே காதில் ஏறும்?

நெப்ராஸ்காவில் ஒரு பல்கலைக்கழக மைதானத்துக்குக்
கோடு போடுகிறவன் நான்.
அந்தக் கோடுகளில் ஆள் நிறுத்துகிறவர் லம்பர்ட் கொவாண்டா.
இருபத்தொன்பது வருடம் ஒரே புல்லில் பிழைத்தோம்.
பேசியதைக் கூட்டினால் ஒரு மதியம் தேறும்.

முதல் பேச்சு இது:
"மிஸ்டர் டெல்ப்ரிட்ஜ், உங்கள் புல்வெட்டி
பி-ஃபிளாட்டுக்குக் கொஞ்சம் கீழே முனகுகிறது.
என் டூபாக்காரர்கள் அதோடு சுருதி சேர்ந்துவிட்டார்கள்."
சிரிக்கவில்லை அவர். நானும்தான்.
நாலு மணிக்கு மேல் வெட்டுவதை நிறுத்தினேன்.

இரும்புச் சாரத்தின் உச்சியில் அவர்.
கீழே கால்நடை மருத்துவம், பாலம் கட்டும் படிப்பு, சோள விதை ஆராய்ச்சி.
ஊதிப் பிழைக்கப் போகிறவர் ஒருவருமில்லை.
ஐந்து கெஜத்துக்கு எட்டு எட்டு,
அதற்கு மேல் ஓர் எட்டும் ஆகாது.
மறுபடி.
மறுபடி.
நவம்பரில் டிராம்போன் குழாய் உறைந்துவிடும்.
ஊதுவாயை அக்குளில் இடுக்கிக்கொண்டு
முறைக்காக நிற்பார்கள் பிள்ளைகள்.
இத்தனையும் சனிக்கிழமை ஆட்ட இடைவேளையில் எட்டு நிமிடத்துக்கு.
அந்த எட்டு நிமிடம் பார்த்துத்தான் ஊரே
சோளப்பொரி வாங்க எழுந்து போகும்.

குளிர்காலத்தில், பள்ளிகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு வகுப்பு.
எல்லா வாத்தியமும் கொஞ்சமாவது வாசிக்கத் தெரிய வேண்டுமாம்.
கொதிகலன் பார்க்க அந்தப் பக்கம் போனால்
ஓபோவுக்குள் ஒரு வாத்தின் கழுத்து நெரிபடும்.
கொவாண்டா கண்ணை மூடிக் கேட்டிருப்பார்,
வலிக்கிற பல்லை நாக்கால்
தொட்டுத் தொட்டுப் பார்ப்பவர் போல.

மே மாதம் ஓய்வு பெற்றார்.
அறையைக் காலி செய்ததில் தொட்டி நிறையத் தாள்.
தள்ளிக்கொண்டு போனது நான்.
மேலாகக் கிடந்தது ஓர் அணிவகுப்பு வரைபடம்.
வருடத்தைப் பார்த்தேன்.
ரோவீனா என்னை விட்டுப் போன வருடம்.
காலைக் காபியில்
வேறொன்றையும் ஊற்றிக் குடித்த வருடம்.

ஓரத்தில் பென்சில்:
"பயிற்சி மைதானம். 35 முதல் 40 வரை ஒன்பது தப்படி.
40 முதல் 45 வரை ஏழு.
சனிக்கிழமை மட்டும் வழக்கம்போல எட்டு, எட்டு.
கோட்டைப் பற்றி யாரும் வெளியே பேச வேண்டாம்."

வாரா வாரம் அதே தப்பின் மேலேயே
சுண்ணாம்பு அடித்திருக்கிறேன்.
இருநூறு பேர்
ஐந்து நாள் அதில் நடந்து பழகி
ஆறாம் நாள் அதை மறந்து நடந்திருக்கிறார்கள்,
ஒரு பருவம் முழுக்க.

என்னிடம் சொல்லியிருந்தால்
அரைமணியில் அழித்துப் போட்டிருப்பேன்.
அலுவலகத்தில் சொல்லியிருந்தால்
என்னை அழித்திருப்பார்கள்.
மனிதர் இரண்டும் செய்யவில்லை.
இரக்கமா, என்னோடு பேசப் பிடிக்காததா,
தொட்டிக்குள் தலையை விட்டுத் தேடியும்
அதற்குத் தாள் கிடைக்கவில்லை.

இன்று மாலை மைதானத்தில் ஆளில்லை.
நாடா பிடித்து அளந்தேன். சரியாக ஐந்து கெஜம்.
புல்வெட்டியை அணைத்துவிட்டு
முப்பத்தைந்திலிருந்து நடந்து பார்த்தேன்.
முழங்கால் சரியாக மடங்குவதில்லை இப்போது.

ஒன்பது ஆயிற்று.