எட்டு வாரம்

ஸ்காபரோவில் காலை ஆறு மணிக்கு வான் வெளிக்கிடும்.
பதினாலு சீற், பின்னால் ஒரு கூலர் பெட்டி,
றோல்ஸ், கட்லட், பிளாஸ்கில் தேத்தண்ணி.
ஹியூரன் ஏரியைப் பார்க்க முன்
ஒரு நிறுத்தம்:
புலிக்குட்டிக்குப் பால் கொடுக்கலாம்.
பத்து நிமிடம், முப்பத்தைந்து டொலர்.
தலைக்கு ஐந்து எனக்கு.

குட்டிக்குப் பெயர் ஹனி.
வயது எட்டு வாரம்.
போத்தலைக் கண்டால் முன்னங்கால் இரண்டாலும் பிடிக்கும்.
"ஐயோ, என்ன வடிவு" என்பார்கள்.
படம் எடுப்பது நான்.
வெளிச்சம் எங்கே விழும், எந்தப் பக்கம் குந்த வேண்டும்,
எல்லாம் எனக்குப் பாடம்.
சுவரில் எழுதியிருக்கும்:
உங்கள் காசு காட்டைக் காக்கிறது.
எந்தக் காடு என்று
நான் கேட்கவில்லை, ஒருவரும் கேட்கவில்லை.

போன ஓகஸ்ட், நீண்ட வார இறுதி.
மூன்றாம் வரிசையில் துவாரகி, ஏழு வயது,
தாயின் போனைத் தடவிக்கொண்டே கேட்டாள்:
"அங்கிள், போன வருசமும் ஹனி எட்டு வாரம்தானே.
எனக்கு ரெண்டு பல்லு விழுந்து முளைச்சிட்டுது.
அது ஏன் வளரேல்லை?"

வான் முழுக்கச் சிரித்தது.
நானும் சிரித்தேன்.
ஏசியைக் கூட்டிவிட்டேன்.

ஐந்து கோடை, ஐந்து ஹனி.
எண்ணத் தெரியாதவன் இல்லை நான்.
சீற் எண்ணுகிறவன், தலை எண்ணுகிறவன்,
ஐந்து ஐந்தாய்க் காசு எண்ணுகிறவன்.

அன்று கழிவறைக்கு என்று சொல்லிவிட்டு
களஞ்சியத்தின் பின்னால் போனேன்.
நாற்றம் முதலில் வந்தது. பிறகு கம்பி.
கம்பிக்குள், சிமெந்தில்,
ஏழு எட்டு வைத்துத் திரும்பல்,
ஏழு எட்டு வைத்துத் திரும்பல்.
எட்டாவது எட்டுக்கு இடமில்லை.
திரும்பும் மூலை வழுவழுத்துக் கிடந்தது,
ஊரே மிதித்த படி மாதிரி.
மிதித்தது ஒருத்தி.
காதோரம் ஈ. ஒரு வேட்டைப்பல் பாதியில் முறிந்து.
பக்கத்துக் கூட்டில் இன்னொன்று படுத்திருந்தது,
அடுத்ததில் தண்ணீர்த் தொட்டி மட்டும்.

பசித்தாலும் புல்லைத் தின்னாது என்பார்கள்.
கம்பியோரம் முளைத்ததை
அவள் நின்று கடித்துக்கொண்டிருந்தாள்.

பெயர்ப்பலகை இல்லை.
"ஹனி" என்று மெல்லச் சொன்னேன்.
தலை நிமிர்ந்தது.

காட்டுக்கு விடலாமே என்று கேட்காதீர்கள்.
அதற்குக் காடு தெரியாது,
காட்டுக்கும் அதைத் தெரியாது.
பிறந்ததே படத்துக்கு.
ஆறாவது ஒன்று பிறக்க
என் வான் காசு கொண்டுபோகாமல் இருக்கலாம்,
அவ்வளவுதான்.

இந்த வருச நோட்டீசில்
இரண்டு மணிக்கு நேரே வெற்றிடம்.
நாலு குடும்பம் வேறு வான் பிடித்தது.
மிச்சப் பேர் ஏரிக்கரையில் இறங்கி
"இங்கை என்ன இருக்கு?" என்றார்கள்.
தண்ணீர்.
வந்தால் வரும், வராவிட்டால் வராத ஒரு கழுகு.
அரை மணி நேரம் அண்ணாந்து நின்றோம்.
வரவில்லை.
துவாரகி கட்லட் தின்றாள்.

பண்ணைக்காரன் வேர்ன் போன் எடுத்தான்:
தலைக்கு எட்டுத் தருகிறேன்.
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன்.
எவ்வளவு நேரம் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.
பிறகு வைத்துவிட்டேன்.

வீட்டில், பிரிட்ஜ் கதவில், காந்தத்துக்கடியில்,
என் மகள் ஆரபியின் மடியில் முதல் ஹனி,
வாயில் போத்தல், கண் மூடி.
எத்தனையோ தரம் கழற்றப் போனேன்.
அந்த ஒரு படத்தில்தான்
அது கூட்டுக்கு வெளியே இருக்கிறது.