எத்தனை மணி நேரம்

ஹெல்வி என்று பெயர் வைத்தவர் இல்போ.
வயது ஐம்பத்தெட்டு என்று சொன்னது நான்.
மார்கெட்டா அவளுக்கு
ஒரு சாம்பல் நிறக் காரும் மூட்டுவலியும் கொடுத்தாள்.
ஓவ்லு மருத்துவமனையின் வாகன நிறுத்தத்துக்கு
ஒரு செவ்வாய்க்கிழமை காலை
மூவருமாக அவளை ஓட்டிவரச் செய்தோம்.

ஒரே பக்கம்தான் காட்சி.
ஹெல்வி இயந்திரத்தின் முன் நிற்கிறாள்.
'இரண்டு மணி நேரம்' என்பதைத் தொடுகிறாள்.
அட்டையைக் காட்டுகிறாள். சீட்டு வருகிறது.
நாற்பது நொடி.
குளிரைப் பற்றி ஒரு சொல் இல்லை,
அவளை நாங்கள் ஜூனில் எழுதினோம்.

ஜனவரியில் நானே போய் நின்றேன்,
மைனஸ் இருபத்திரண்டில், நோட்டோடு.
முதலில் பேனா செத்தது. பென்சில் பிழைத்தது.
ஒருவர் கையுறையைப் பல்லால் இழுத்தார்.
இரு கையிலும் பையோடு வந்த நர்ஸ்
மூக்கு நுனியால் திரையைத் தொட்டுவிட்டுப் போனாள்.
கைப்பழக்கம் தெரியும்;
இது மூக்குப்பழக்கம் என்று குறித்துக்கொண்டேன்.
பெரிய பொத்தான், மேலே ஒரு கூரை,
அதுவரை எல்லாம் தீர்க்கக்கூடிய பிழைகள்.

மூன்றரைக்கே இருட்டிவிட்டது.
கோணலாக வந்து நின்றது ஒரு வண்டி.
இறங்கியவர் கதவை மூடவில்லை.
காலில் வீட்டுச் செருப்பு.
இயந்திரம் கேட்டது:
எத்தனை மணி நேரம்?

அவர் திரையைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
"எனக்கு எப்படித் தெரியும்?"
கோபமில்லை அதில்.
நான் சொல்லிவிடுவேன் என்று
நிஜமாகவே காத்திருந்தார்.

நீங்கள் போங்கள் என்றேன்.
கார் கதவை மூடியபோது
உள்விளக்கு உடனே அணையவில்லை,
கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அணைந்தது.

இந்த மாதிரி நூற்றுக்கு எத்தனை பேர், என்று
கூட்டத்தில் இல்போ கேட்டார்.
நான் பார்த்தது ஒருவரை.
ஹெல்வியின் பக்கத்தை மேசையில் வைத்தேன்.
கண்ணாடியின் பவர் வரை எழுதியிருந்தோம்.
அவள் யாரைப் பார்க்க வந்தாள் என்பதை
மூவரில் ஒருவர்கூட எழுதியிருக்கவில்லை.

கேள்வியை எடுத்துவிட்டோம்.
கிளம்பும்போது கட்டினால் போதும்.
கூரைக்குப் பணமில்லை என்றார்கள்.

அன்றிரவு காட்சியைத் திருத்தி எழுதினேன்:

ஹெல்வி வெளியே வருகிறாள்.
மணி தெரியவில்லை.
மருத்துவமனை கொடுத்த பிளாஸ்டிக் பையில்
ஒரு ஜோடி ஆண் காலணி.
காரை எங்கே விட்டாள் என்பது
நினைவில்லை.

இயந்திரம்

அங்கேயே நிறுத்தியிருக்கிறேன்.