அறுபது ஹெர்ட்ஸ்

பழைய பேப்பர் எடுக்க வரும் கேவல்ஜியின்
கொக்கித் தராசில் பெட்டியைத் தொங்கவிட்டோம்.
முப்பத்து மூன்றே முக்கால்.
‘கிலோவுக்குப் பதினாலு தரட்டுமா, அங்கிள்?’
மிலா சிரிக்கவில்லை.
பெட்டியைக் கிடத்தித் திறந்து
துவாலைச் சுருளுக்குள்ளிருந்து
கிரைண்டரைத் தூக்கி வெளியே வைத்தாள்.
இருபத்திரண்டே முக்கால்.
விமானத்தில் ஆளுக்கு இருபத்து மூன்றுதான்.
கால் கிலோ மிச்சம்.

நல்லதுதான் என்றேன்.
இங்கே ஐம்பது ஹெர்ட்ஸ், இலோயிலோவில் அறுபது.
கல் ஐந்திலொரு பங்கு வேகமாய்ச் சுற்றும்,
மாவு சூடேறும், இட்லி கெட்டுப்போகும்.
முப்பத்தெட்டு வருடம் கப்பல் என்ஜின் பார்த்தவன்
ஆறுதல் சொல்லும் லட்சணம் இது.

கப்பலிலும் அறுபதுதான்.
அந்த முனகலில்தான் தூங்கிப் பழகினேன்.
ஓய்வுபெற்று செம்பூருக்கு வந்த பிறகு
ஃப்ரிட்ஜ் அரைச் சுருதி தாழ்ந்து உறுமி
ராத்திரியெல்லாம் என்னை எழுப்பிக்கொண்டிருந்தது.
‘அது அப்படித்தான் பாடும்,
இருபத்தாறு வருசமா எனக்குத் தெரியும்லா’ என்பாள்,
சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தபடி,
என் அக்காவோடு சண்டை போட்டுக் கற்ற
தூத்துக்குடித் தமிழில்.

மும்பையில் இருந்தது அவள்தான்.
நான் வந்து போனவன்.
ஜூலை வெள்ளத்தில் சயானிலிருந்து
பையனைத் தோளில் வைத்து நடந்து வந்தவள்.
கருவாட்டு வாசனைக்குத் தடை என்று
லிஃப்ட் அருகே சொசைட்டி ஒட்டிய நோட்டீஸில்
மராத்திப் பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தி
அடுப்பில் மறுபடி கருவாட்டைப் போட்டவள்.

போன வாரம்
வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில்
அதிகாரி கேட்டதற்கெல்லாம் அவளே பதில் சொன்னாள்.
என் இந்தி அவ்வளவு லட்சணம்.
மோத்தா என்ற பெயரை ஒருமுறை பார்த்தார்,
பேசாமல் நின்ற என்னை ஒருமுறை பார்த்தார்,
அவளிடமே கேட்டார்:
‘இவரை எப்போது ஊருக்கு அழைத்துப் போகிறீர்கள்?’
‘வியாழக்கிழமை’ என்றாள்.

அங்கே அவள் தம்பி வீட்டுப் பின்புறம்
மலுங்கை நிற்கிறதாம். நம் முருங்கைதான்.
இலையைத்தான் சமைப்பார்களாம்,
காயை யாரும் சீண்டுவதில்லையாம்.
காயெல்லாம் உனக்கு என்கிறாள்,
சொத்து எழுதிவைப்பவள் போல.

நேற்று மீன் கடையில்
சுரேகா தாண்டேல் பேரம் பேசவேயில்லை.
காசும் வேண்டாம் என்று கையைத் துடைத்துக்கொண்டாள்.
முப்பது வருடத்தில் முதல் முறை.
மிலாவுக்கு வந்ததே கோபம்.
‘விலை சொல்லு, சொல்லு’ என்று அதட்டி,
இருநூற்று நாற்பதை நூற்றெண்பதாக்கி,
முந்நூறு கொடுத்துவிட்டு
மீதி வாங்காமல் நடந்தாள்.
பின்னாலேயே நான், பையோடு.

இப்போது கேவல்ஜி நிறுத்துக் கட்டிவிட்ட
பேப்பர்க் கட்டிலிருந்து இரண்டு தாள் உருவுகிறாள்.
காய்ந்த பொம்பில், கால் கிலோ.
சுற்றி, மேலும் சுற்றி, பாலிதீன் பையில் முடிந்து
கிரைண்டர் இருந்த பள்ளத்தில் வைக்கிறாள்.
முள் இருபத்து மூன்றைத் தாண்டி
கொஞ்சம் நடுங்கித் திரும்பி நிற்கிறது.
‘ரெண்டு தாளுக்குக் கழிச்சுக்கணும்’ என்கிறான் கேவல்ஜி.

கிரைண்டரையும் அவனுக்கே கொடுத்தோம்.
ஓடுகிறதா என்று பார்க்கச் சொருகினான்.
மாவில்லாமல் சுற்றுகின்றன கற்கள்,
கரகரவென்று, ஐம்பதில்.
காலியாக ஓட்டக்கூடாது, தேயும்,
சொல்ல வாயெடுத்தேன்.
அவள் ஸ்விட்சுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறாள்.
நிறுத்தவில்லை.